செருப்புக் கழற்றும் இடம்

எங்கள் வீட்டில் படுக்கையறையிலிருந்து குசினிக்குப் போவதென்றால் சாமி அறை வாசலைக் கடந்துதான் போக வேண்டும். வேறு வழி இல்லை. வீடு கட்டினபோது நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன். எழும்பினதும் பிள்ளையாரின் முகத்தில் முழிக்க வேண்டும், அடுப்பு மூட்டப் போகிறவள் ஒருதரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மேசனுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது நினைவிருக்கிறது. படுக்கையறைக் கதவிலிருந்து சாமி அறை வாசலுக்கு ஒன்பது அடி எடுத்து வைக்க வேண்டும். அங்கிருந்து குசினிக்கு இன்னும் ஏழு. முன்பு இதையெல்லாம் நான் எண்ணினதில்லை. இப்போது நித்திரையிலும் எண்ணுகிறேன்.

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் நாற்பது வருசத்துக்கு மேல் சைக்கிள் திருத்தினவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தேவாரம் பாடமாக்கினதைத் தவிர பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. என் மனுசி விழுந்த கதையை எழுதுகிறேன், ஏனென்றால் அவள் விழுந்ததில் என்னுடைய பிழை இருக்கிறது. அவளுக்கு எழுபத்துநாலு வயது, எனக்கு எழுபத்தேழு. எங்களைப் போல வயதுபோன இரண்டு பேர் தனியாக இருக்கிற வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலைந்து இருக்கின்றன. அவர்கள் வாசிக்கட்டும்.

எங்கள் வீட்டுக்குள் ஒருவரும் செருப்போடு வந்ததில்லை. அது நான் வைத்த சட்டம். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் விறாந்தையில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து டொக்டர் வீட்டுக்கு வந்தார். அவரும் சப்பாத்தைக் கழற்றிக் காலுறையோடு வந்து நாடி பிடித்துப் பார்த்தார். மகளோடு படித்த பிள்ளை ஒருத்தி மட்டும் மறந்துபோய் செருப்போடு ஹோலுக்குள் வந்து சாமி அறை வாசலைத் தாண்டிவிட்டாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் போனபிறகு, மகளும் தாயும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த இடம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து நானே குனிந்து துடைத்தேன். வாயால் பேசியிருந்தால் அவர்கள் மறந்திருப்பார்கள். நான் பேசாமல் துடைத்தது இரண்டு பேருக்கும் உள்ளே போய்விட்டது.

முதல்தரம் அவள் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளியென்றால் வீடு கழுவாமல் அவள் விளக்கேற்ற மாட்டாள். முன்பு எங்கள் நிலம் சிவப்புச் சீமெந்து. வவுனியாவில் படிப்பிக்கிற மகள், அம்மா கூட்டுவதற்குச் சுகமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு மாபிள் பதிப்பித்துத் தந்தாள். பார்த்தால் முகம் தெரியும். அதில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு வந்தவள் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்ட பிறகு, பயிற்சி கொடுக்கிற பிரிவில் ஒரு பிள்ளை எங்களைக் கூப்பிட்டு இருத்தினாள். எங்கள் மகளை விட வயது குறைவு. அவசரப்படாமல் கதைத்தாள்.

"எப்பிடியம்மா விழுந்தனீங்கள்?"

"வீடு கழுவினனான் பிள்ளை. வழுக்கிப்போட்டுது."

"உங்களை ஆர் கழுவச் சொன்னது?"

மனுசி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை சொன்னது," என்றாள்.

பிள்ளை சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஐயா, இனிக் கழுவிறதெண்டால் வேறை ஆரும் கழுவட்டும். காஞ்ச பிறகுதான் அம்மா நடக்கோணும். கால் மிதிக்கிறதுக்குப் போட்டிருக்கிற சாக்கு, துணி எல்லாத்தையும் எடுத்துப்போடுங்கோ, தடக்கும். பாத்ரூமிலையும் நடக்கிற வழியிலையும் பிடிக்கிறதுக்குக் கம்பி பூட்டுங்கோ. வழியிலை லைற் எரியோணும். அதோடை வீட்டுக்குள்ளை போடுறதுக்கு அம்மாவுக்கு ஒரு றப்பர் செருப்பு வாங்குங்கோ. அடியிலை வெட்டு இருக்கிறதாப் பாருங்கோ. குதியிலை வார் இருக்கோணும், கழண்டு போகக்கூடாது."

"வீட்டுக்குள்ளையோ?"

"ஓம் ஐயா. அந்த மாபிளிலை வெறுங்கால் நிக்காது."

"எங்கடை வீட்டிலை சாமி அறை இருக்குது பிள்ளை."

"எல்லார் வீட்டிலையும் இருக்குது ஐயா," என்று எழுதிக்கொண்டே சொன்னாள்.

மற்றது எல்லாம் நான் செய்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர்க் குழாய் வாங்கி, வெட்டி, வளைத்து, பச்சைப் பெயின்ற் அடித்து, படுக்கையறையிலும் பாத்ரூமிலும் ஹோல் சுவரிலும் பூட்டினேன். கை வழுக்காமல் இருக்க, என்னுடைய பழைய கடையில் மிஞ்சிக் கிடந்த சைக்கிள் கைப்பிடி றப்பர்களை அந்தக் கம்பிகளில் மாட்டினேன். மாக்கட்டுக் கையோடு கட்டிலில் இருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடோ இது, மினிபஸ்ஸோ? ரிக்கற் குடுக்கிறதுக்கும் ஒரு ஆளைப் போடுங்கோ."

"முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ. முன்னுக்கு இடம் இருக்கு."

"காசு மிச்சம் தரமாட்டியள், அதுதான் பயம்."

அப்படிச் சிரித்தோம்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் நான் கம்பி பூட்டவில்லை. அது சாமி அறை வாசல் நிலை. முதிரை மரத்தில் செய்து, புது வீட்டுக்குக் குடிபூரலன்று ஐயர் சந்தனம் வைத்துப் பூசை செய்த நிலை. அதில் துளை போட எனக்கு மனம் வரவில்லை.

செருப்பையும் வாங்கினேன். பழுப்பு நிறம், குதியில் ஒட்டுகிற வார். வாங்கின பையோடேயே விறாந்தையில் இரண்டு கிழமை கிடந்தது. ஒருநாள் ஹோலில் அவளுடைய கால் சறுக்கிவிட்டது. கம்பியைப் பிடித்ததால் தப்பினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தில் ஒரு யோசனையும் வந்தது. அந்த யோசனையை நான் பெரிய புத்தி என்று நினைத்தேன்.

இரவிலே வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சிவப்பு ரேப் கடையில் இருந்தது, சைக்கிள் மட்காட்டில் ஒட்டுவது. அதை எடுத்துச் சாமி அறை வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடும், அந்தப் பக்கம் ஒரு கோடும் மாபிளில் ஒட்டினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நாலடி தூரம்.

"இஞ்சாரும், இதுவரைக்கும் செருப்போடை வாரும். இதிலை கழட்டிக் கையிலை எடுத்துக்கொண்டு சாமியைக் கடவும். அங்காலை போய்ப் போட்டுக்கொள்ளும். சாமிக்கும் குறை இல்லை, உமக்கும் குறை இல்லை."

"ஒரு நாளைக்கு எத்தினைதரம் கழட்டிப் போடுறது? குனிஞ்சு குனிஞ்சு எனக்கு நாரி போம்."

"கொஞ்சநாள் பழகினால் சரி."

அவள் மறுத்துக் கதைக்கவில்லை. ஐம்பது வருசத்தில் சாமி காரியத்தில் அவள் என்னை மறுத்ததில்லை. அன்றிலிருந்து சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் நிற்பாள். சுவரில் கையை வைத்து ஒரு காலைத் தூக்குவாள். வாரை இழுப்பாள். பிறகு மற்றக் கால். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, நாலடி நடந்து, அடுத்த கோட்டில் மறுபடியும் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் போடுவாள். காலையில், மத்தியானத்தில், பின்னேரத்தில், தேத்தண்ணி வைக்கப் போகும்போது, வரும்போது. ஓடாமல் நிற்கிற சைக்கிளில் இருந்துகொண்டு ஊன்றின காலைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க சைக்கிளோடு சீவித்த எனக்கு அது தெரியவில்லை. அவள் தினமும் பத்துப் பன்னிரண்டு தரம் ஒற்றைக் காலில் நின்றாள், அதுவும் பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில். அந்த இடத்தைக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான்.

அன்று காலை நான் பூசையில் இருந்தேன். பூ வைத்து, மணி அடித்து, கற்பூரம் கொளுத்தி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன், அவள் தொட்டுக் கும்பிடுவதற்காக. அவள் கோட்டில் நின்று வலது காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வார் இறுகியிருக்க வேண்டும், இரண்டாம் தரம் இழுத்தாள். உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. கை நிலையைத் தேடிப்போனது. நிலையில் பிடிக்க ஒன்றும் இல்லை, வழவழப்பான மரம். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டடி கூட இல்லை. என் கையில் எரிகிற கற்பூரத் தட்டு. அதைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்று சொல்லுகிற அளவுக்கு அங்கே நேரமும் இருக்கவில்லை, ஆனால் கை தட்டை விடவில்லை, அது எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டு நிற்க அவள் விழுந்தாள். இடுப்புப் பக்கம் முதலில் பட்டது. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவள் கத்தவில்லை. "கற்பூரம் அணையப்போகுது," என்றாள்.

நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பக்கத்து வளவுப் பெண் ஓடிவந்தாள். அவளும் நானுமாகத் தூக்கப் பார்த்தோம், முடியவில்லை. என்னால் அவளைத் தூக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் நான் நிலத்தில் இருந்து அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். ஒரு செருப்பு அவளுடைய காலில் இருந்தது. மற்றது சாமி அறைக்குள் போய்க் கிடந்தது.

தொடை எலும்பின் மேற்பக்கம் முறிந்திருந்தது. ஒப்பரேசன் செய்து தகடு வைத்துப் பூட்டினார்கள். படத்தைக் காட்டினார்கள். அந்த ஸ்க்ரூ எல்லாம் அவ்வளவு நேராக இருந்தன, நான் கூட அப்படிப் பூட்டியிருக்க மாட்டேன். பெரிய டொக்டர் சொன்னார், "எங்கடை வேலை சரி. இனி அவ எழும்பி நிக்கிறதிலைதான் இருக்கு." பயிற்சி கொடுக்கிற அந்தப் பிள்ளையே வார்ட்டுக்கு வந்தாள். வோக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, செருப்பு எங்கே என்று கேட்டாள். நான் வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கண்டதும் மனுசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளையும் நேர்சும் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினால் நிற்பாள், விட்டால் இருந்துவிடுவாள். அடி எடுத்து வைக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, அம்மாவுக்குக் கால் நோகேல்லை, பயம். இந்தக் கிழமையளுக்குள்ளை நடக்காட்டில் பிறகு கால் நடையை மறந்துபோம். படுத்தே கிடந்தால் முதுகிலை புண் வரும், நெஞ்சிலை சளி கட்டும். நான் உங்களை வெருட்டேல்லை."

வெருட்டவில்லைதான். நான் வெருண்டுபோனேன்.

வீட்டில் அவளுடைய கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்து, சாமி அறை தெரிகிற மாதிரிப் போட்டோம். மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஊட்டினாள், கழுவினாள், கெஞ்சினாள். லீவு முடிய அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பிறகு பக்கத்து வளவுத் தங்கச்சி காலையிலும் பின்னேரத்திலும் வந்து அவளைத் திருப்பிப் படுக்க வைக்க உதவினாள். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, முதுகின் அடியில், நாரிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்ததைத் தங்கச்சி கண்டுபிடித்தாள். "அண்ணை, இது நல்லதுக்கில்லை," என்று குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னாள். இருமலும் தொடங்கியிருந்தது.

அன்று பின்னேரம் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

"இஞ்சாரும். ஒருக்கால் எழும்பி நில்லும். எனக்காகவேனும் நில்லும்."

"எனக்கு ஏலாது."

"பிள்ளை சொன்னதைக் கேட்டனீர்தானே. நோகேல்லையெண்டு நீரும் சொல்லுறீர். பேந்து ஏன் ஏலாது?"

சாமி அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு, யாரோ ஒளித்திருந்து கேட்கிற மாதிரிக் குரலைத் தணித்துச் சொன்னாள். "நான் விழுறதுக்கு முதல்நாள் பால் பொங்கினது. மணம் வந்திட்டுது. நான் ஓடிப்போனனான்."

"பால் பொங்கினால் என்ன?"

"கழட்டேல்லை. செருப்போடை சாமியைக் கடந்து ஓடிப்போனனான். நீங்கள் கிணத்தடியிலை நிண்டனீங்கள். உங்களுக்குச் சொல்லேல்லை. அவர் உள்ளை இருந்து பாத்தவர். அடுத்தநாளே விழுத்திப்போட்டார்."

"பிள்ளையார் அப்பிடிச் செய்யிறவர் இல்லை."

"நீங்கள்தானே சொல்லுவியள், அவர் எல்லாம் பாக்கிறவர், ஒண்டையும் விடமாட்டார் எண்டு."

"நான் விசர்க்கதை கதைச்சனான். உம்மை விழுத்தினது அவர் இல்லை. நான். நான்தானே கோடு போட்டனான்."

"சாமிக்கு முன்னாலை உப்பிடிச் சொல்லாதேங்கோ." கண்ணை மூடிக்கொண்டாள். "வெறுங்காலோடை நிண்டால் வழுக்கும். செருப்போடை நிண்டால் அவர் விழுத்துவார். நான் இப்பிடியே கிடக்கிறன். என்னை விடுங்கோ."

நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போனேன். அங்கே நின்று அழுதேன். அவளைத் தூக்க என் கையில் பலம் இல்லை. அவளுடைய மனதில் இருந்ததை எடுக்க வாயில் சொல் இல்லை. ஐம்பது வருசமாக நான் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். நான் சொன்னதில் அவள் நம்பாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் பிள்ளையாருக்குப் பூ வைக்கவில்லை. மூன்றாம் நாள் அதற்கும் பயந்து பூ வைத்தேன்.

கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மத்தியானப் பூசை முடிந்து ஐயர் மடப்பள்ளி வாசலில் இருந்தார். என்னை விட ஏழெட்டு வயது குறைவு, ஆனால் அவருக்கும் முழங்கால் சரியில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பால் பொங்கினதையும் சொன்னேன், கற்பூரத் தட்டையும் சொன்னேன்.

"ஐயா, வீட்டிலை சாமி அறைக்கு முன்னாலை செருப்புப் போடலாம் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் போய் அவளுக்குச் சொல்லுறன். உங்கடை சொல்லெண்டால் கேப்பாள்."

ஐயர் தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "போன மழைக்கு நான் உந்த வாசலிலை வழுக்கி விழுந்து, ஒரு மாதம் தம்பியார்தான் பூசை செய்தவர். தெரியும்தானே."

"தெரியும் ஐயா."

"அப்ப ஊரிலை சனம் கதைச்சது, ஐயர் என்ன குற்றம் செய்தாரோ எண்டு. நான் ஒரு குற்றமும் செய்யேல்லை. நிலத்திலை எண்ணெய் கிடந்தது." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார், "போடலாம் அண்ணை. வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கு. நான் வந்தும் சொல்லுறன். ஆனால் அவ என்ரை சொல்லைக் கேக்கமாட்டா. அவவுக்குச் சட்டம் போட்டது நான் இல்லையே."

சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஏறி ஓட முடியவில்லை. தண்டவாளத்தடியில் ரெயின் போகும்வரைக்கும் நின்றபோது, என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தநாள் காலை குளித்து, திருநீறு பூசி, அவளுக்கு வாங்கின அதே சாதியில் முதல்நாள் பின்னேரம் எனக்கென்று வாங்கின புதுச் செருப்பை ஹோலில் இருந்து மாட்டினேன். அவள் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டைத் தாண்டினேன்.

"இஞ்சாருங்கோ, செருப்பு."

நான் நிற்கவில்லை. அதோடேயே சாமி அறைக்குள் போனேன்.

"ஐயோ, கழட்டுங்கோ. உங்களுக்கு என்ன விசரே? கழட்டுங்கோ."

விளக்கேற்றினேன். பூ வைத்தேன். தேவாரம் பாடினேன். சத்தமாக மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் அவளுக்குக் கேட்கும். மனதுக்குள் கேட்டேன், அதை ஒளிக்க மாட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயத்தோடு நான் கற்பூரம் கொளுத்தினதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, செருப்போடேயே, அவளுடைய கட்டிலுக்கு வந்து நீட்டினேன். அவள் தொடவில்லை. கண்ணீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் விழுத்திறதெண்டால் என்னை விழுத்தட்டும். பாத்துக்கொண்டு கிடவும்," என்றேன்.

அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்தநாளும் செருப்போடு பூசை செய்தேன். அதற்கடுத்த நாளும் செய்தேன். நான் கிணத்தடியிலிருந்து வர, "விழேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

நாலாம் நாள், "அவருக்கு உங்களிலை விருப்பம். நாற்பது வருசமாப் பூ வைச்சவர் எண்டு விட்டிருக்கிறார்," என்றாள்.

"அந்தப் பூவெல்லாம் ஆய்ஞ்சு தந்தது ஆர்? நீர்தானே."

என் காலைப் பார்த்தாள். "உங்கடை செருப்பு கீச்சுக் கீச்செண்டு கத்துது. அவருக்குத் தேவாரம் கேட்டிருக்காது," என்றாள். அவள் விழுந்த பிறகு சொன்ன முதல் பகிடி அது. நான் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் சொன்னாள், "என்ரையைக் கொண்டுவாங்கோ. மஞ்சள் தண்ணியிலை கழுவிக் கொண்டுவாங்கோ."

கழுவினேன். நிலத்தில் குந்தியிருந்து அவளுடைய காலைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என்ரை காலைத் தொடாதேங்கோ, பாவம்."

"பாவத்தை நான் எடுக்கிறன். நீர் காலைத் தாரும்."

காய்ந்த வாழைச்சருகு மாதிரி இருந்தது அந்தக் கால். கலியாணம் செய்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. வாரை ஒட்டினேன். தங்கச்சி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடிக்க, வோக்கரைப் பிடித்து எழும்பினாள். பத்து எண்ணும்வரைக்கும் நின்றாள். ஏழில் அவளுடைய உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியது. எட்டில் கண்ணை மூடினாள். பத்தில் இருந்துவிட்டாள்.

இதை இத்தோடு முடித்துவிட்டால் நல்ல கதை. ஆனால் நடந்தது அப்படி இல்லை.

இப்போது அவள் நடக்கிறாள். கட்டில் மறுபடியும் படுக்கையறைக்குப் போய்விட்டது. முதுகுச் சிவப்பு மாறிவிட்டது, இருமல் கொஞ்சம் இருக்கிறது. வோக்கரோடு ஒரு நாளைக்கு இரண்டுதரம் குசினி வரைக்கும் போய்வர வேண்டும் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். சாமி அறை நிலையில் நான் துளை போட்டுக் கம்பி பூட்டிவிட்டேன். துளை போட்டபோது விழுந்த முதிரைத் தூளைக் கூட்டி ஒரு கடதாசியில் மடித்து வைத்திருக்கிறேன், எறிய மனமில்லை. சிவப்பு ரேப்பையும் உரித்துவிட்டேன். பசை மட்டும் மாபிளில் இரண்டு கோடாகப் பிடித்திருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அவள் அறையிலிருந்து வெளிக்கிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் பக்கத்தில் எண்ணிக்கொண்டு வருவேன். எட்டு வரைக்கும் ஒன்றும் நடக்காது. ஒன்பதாவது அடியில் அவள் வாசலுக்கு வருவாள். உள்ளே பிள்ளையார் தெரிவார். அவளுடைய ஒரு கை கும்பிடுவதற்கு வோக்கரை விட்டுவிடும். அதே நேரத்தில் அவளுடைய வலது கால் நிலத்திலிருந்து எழும்பும்.

முதல்நாள் நான் பதறிப் பிடித்துவிட்டேன். "ஏன் தூக்கினனீர்?" என்று கேட்டேன்.

அவளும் பயந்துபோய் நின்றாள். "நான் தூக்கேல்லை. அது தானாத் தூக்குது."

அதுதான் உண்மை. செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய வாய் சொல்லுகிறது, மனம் ஒத்துக்கொள்ளுகிறது. கால் மட்டும் கேட்கவில்லை. அதற்கு நான் பழக்கினது அப்படியே இருக்கிறது. பிள்ளையிடம் கேட்டேன். "பழகினது போக நாள் எடுக்கும் ஐயா, அந்த இடத்திலை நீங்கள் ஒவ்வொருதரமும் நில்லுங்கோ," என்றாள். நிற்கிறேன். ஒவ்வொருதரமும் ஒன்பதாவது அடிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அவளுடைய இடுப்பைப் பிடிக்கிறேன். கம்பியைப் பிடிக்கச் சொல்லுகிறேன். காலை வையும், காலை வையும் என்று சொல்லுகிறேன். கால் கொஞ்சநேரம் அந்தரத்தில் நிற்கும். பிறகு இறங்கும்.

மகள் சாமி அறையைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றச் சொன்னாள். நானும் சரியென்றேன். மனுசிதான் விடவில்லை. "நான் நடக்கிறதுக்காக அவரை எழுப்பிறதோ?" என்று கேட்டாள். வாசலுக்குச் சீலை கட்டிப் பார்த்தோம். சீலைக்கு முன்னாலும் கால் எழும்பியது.

எனக்கு எழுபத்தேழு வயது. கோயிலுக்குப் போகவேண்டி வரும், மருந்து எடுக்கப் போகவேண்டி வரும். எனக்கே ஏதாவது வந்து விழுந்துவிட்டால் யார் அந்த இடத்தில் நிற்பது? வெளியே போகும்போது அவளைக் கட்டிலில் இருக்கச் சொல்லி, வோக்கரை அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். அப்படிச் செய்வது சரியில்லை என்றும் தெரியும். சந்திக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு திரும்பும் நேரத்துக்குள் நெஞ்சு எத்தனைதரம் திடுக்கிடுகிறது என்று எனக்குத்தான் தெரியும். கேற்றைத் திறந்ததும் முதலில் அவளுடைய சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

இப்போது என் பூசையில் வேறு வேண்டுதல் இல்லை. முன்பெல்லாம் மகளுக்கு, பேரப்பிள்ளைக்கு, ஊருக்கு என்று நிறையக் கேட்பேன். இப்போது செருப்போடு நின்று ஒன்றைத்தான் கேட்கிறேன். பிள்ளையாரே, நான் அவளுக்குப் பழக்கினதை நீ அந்தக் காலுக்கு மறக்கப் பண்ணு. உன்னைக் கும்பிடுவதை அவள் மறக்க வேண்டாம். அந்த ஒற்றைக் காலை மட்டும் கீழே வைக்கப் பண்ணு.

இன்று காலையும் ஒன்பதாவது அடியில் அது எழும்பியது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.